அண்ணிக்குக் கேட்ட பூ

வெள்ளிக்கிழமை, இரவு

அண்ணியின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. பூ கேட்பதற்கு முன் ஆற்றில் முழுக வேண்டியவள் அண்ணி மட்டும்தானாம்.

பூசாரி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்தார். அம்மா கும்பிட்டாள். "வைத்தியம் பண்ணி இவ வயித்துல தங்கும்னா வெள்ளையக் குடு. இல்லீன்னா சிவப்பு. பையனுக்கு வேற பொண்ணு பாத்துக்கறோம் சாமி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன வாரம் சேலத்தில் டாக்டர் அண்ணனிடம் பேசியபோது அண்ணிக்குத் துணையாக நானும் உள்ளே இருந்தேன். அண்ணிக்குக் குறையே இல்லை, அண்ணனுக்குத்தான் உயிரணு குறைவு என்றார். வைத்தியம் பலிக்குமா என்பதை அண்ணன் இன்னொரு டெஸ்ட் கொடுத்தால்தான் சொல்ல முடியுமாம். அண்ணன் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "அவளுக்குத்தான் என்னமோ கோளாறாமா" என்று அம்மாவிடம் சொன்னான். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள்.

"கன்னிப்பொண்ணு நீதான் எடுக்கோணும், எடு சாமி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அம்மா.

ஒன்றை எடுத்தேன். பிரிக்கவில்லை. நேராகப் போய் அண்ணன் கையில் வைத்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"டாக்டர் உன்னையப் பத்தித்தானே சொன்னாரு. போயி முழுகிட்டு வந்து நீயே பிரிண்ணா."