வாத்துக்கால் குதிரைகள்

ஆஞ்சே, 1945

அன்புள்ள அப்பாவுக்கு, லூசியான் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

போரில் உருக்குவதற்கென்று நம் போர்தோ நீரூற்றின் வெண்கலக் குதிரைகளைப் பெயர்த்துக்கொண்டு போனார்களே, அவை உருகவில்லை அப்பா! நான் வேலை செய்யும் ரயில் முற்றத்தில், பழைய இரும்போடு கிடக்கின்றன. இன்று அவற்றைச் சங்கிலி கட்டி வெளியே இழுத்தோம்.

"என்னடா இது, குதிரைக்கு வாத்துக்கால்? செஞ்சவன் குடிச்சிருந்தானா?" என்று சிரித்தார் மேஸ்திரி.

"எங்க ஊர்க் குதிரைங்க. தண்ணியில ஓட வேணாமா?" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப சங்கிலிய மெதுவா இழுங்கடா!"

அந்தப் புண்ணியவானுக்கு நம் ஊர் வைன் ஒரு புட்டி அனுப்புங்கள். எனக்குக் கம்பளிக் காலுறை போதும். இங்கே ஓயாத மழை. எனக்கு வாத்துக்கால் இல்லையே.

தபால் வண்டி கிளம்புகிறது. வெறும் பீடத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நீங்கள் ஊரைச் சுற்றிப் போவதாகத் தங்கை எழுதியிருந்தாள். இனி முழங்காலை வருத்த வேண்டாம், அப்பா. நேராகவே போங்கள்.

உங்கள் லூசியான்