மூன்றில் எது நல்லது

புறக்கோட்டை
12.07.1999

அன்புள்ள தனலெட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி? டயகமவில் விடாத மழையாமே. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்.

கடையில் டீவி கேம் கசட்டுகளைப் போட்டுக் காட்டுவதுதான் என் வேலை. வாள்வீரன் விளையாட்டு ஒன்று மூன்று பாகமாக வந்திருக்கிறது. நேற்று ஒருவர், "எது நல்லம்?" என்று கேட்டார். முதலாவதில் சண்டை பிரமாதம்; ஆனால் செத்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது அதேதான், சட்டை நிறம் மட்டும் வேறு. மூன்றாவதில் சண்டை சப்பென்று இருக்கும். ஆனால் எத்தனை நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம். எதைச் சொல்வது? மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். "இதுகூடத் தெரியாதாப்பா?" என்று முதலாளி சிரித்தார். பயப்படாதே, ஏசவில்லை.

இன்னமும் குழப்பம்தான். போன தீபாவளிக்கு வந்தபோது பாப்பா, "யாரும்மா இந்த மாமா?" என்று உன் பின்னால் ஒளிந்தாள். என் மடிக்கு வர மூன்று நாள் எடுத்தாள்; நாலாம் நாள் நான் பஸ் ஏறிவிட்டேன். இந்த முறை வரும்போதும் முதலிலிருந்துதானா?

கடை திறக்கிறார்கள். சுவரில் இருக்கும் என் படத்தைக் கழற்றி, அவள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டிவை.

உன்
சோலைமலை