தினம் ஒரு பொய், ஒரு மணி

பிப்ரவரி 5, திங்கள்

எங்க மலையூர்ப் பள்ளியில் வருஷப் பாடம் முடிஞ்சு, இன்று முதல் பெரிய குளிர்கால லீவு — ஊருக்கெல்லாம். எனக்கு மட்டும் லீவுக்கே லீவு விட்டுட்டாங்க.

என் குற்றம்: பள்ளியின் கடைசி நாளில், ஆய்வகத்து எலும்புக்கூட்டுக்குத் தலைமையாசிரியையின் கோட்டை மாட்டி, அவர் நாற்காலியிலேயே உட்கார வைத்தது. வாட்ச்மேன் அதுக்கு வணக்கம் வேற வெச்சுட்டார். அதுக்கும் நானா பொறுப்பு?

தண்டனை: ஏழாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் ரெண்டிலும் கோட்டை விட்ட ஐந்து பேருக்கு, மார்ச் மறுதேர்வு வரை மத்தியானம் தோறும் நான் சொல்லிக் கொடுக்க வேண்டும். "எலும்பைத்தான் காட்டிட்ட. மூளையையும் கொஞ்சம் காட்டு" என்றார் பூதக்கண்ணாடி. (தலைமையாசிரியைக்கு நான் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன்.)

அம்மாவிடம் அழுதேன். தையல் மெஷினிலிருந்து நிமிரக்கூட இல்லை. "அந்தப் பிள்ளைங்கதான் பாவம்" என்றாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஆய்வகத்தில், அதே எலும்புக்கூடு பார்க்க, பின்னம் நடத்தினேன். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுதுக்கா!" — கோரஸ்.

"சரி, பாதி பெருசா, மூணுல ஒண்ணு பெருசா?"

"மூணுல ஒண்ணுதான்க்கா. மூணு பெருசாச்சே!"

அப்போ என்னதான்டா புரிஞ்சுது?

ஓரத்தில் ஒரு பெண். வாயைத் திறந்தால் பூனைக்குட்டிச் சத்தம். மியாவ். அவளுக்கு இரட்டையாய்ப் பிறந்த தம்பி ஒருத்தன். சில நிமிஷம் பிந்தி வந்தவன். அவன் பாஸ். மறுதேர்வில் இவள் விட்டால் அவன் எட்டாம் வகுப்பு, இவள் மறுபடி ஏழு. கூட்டிப் போக சைக்கிளில் வந்தவன் வாசலில் நின்றே கத்துகிறான்: "சீக்கிரம் வா! அடுத்த மாசத்துலேருந்து நீதான் என்னை அண்ணான்னு கூப்பிடணும்!"

மியாவ் பென்சிலைக் கடித்தாள். பென்சில் பாதியாச்சு. மூணுல ஒண்ணாவும் இருக்கலாம், நான் அளக்கல.

பிப்ரவரி 7, புதன்

உண்மையைச் சொன்னா எல்லாத்துக்கும் தலையாட்டுதுங்க. பொய் சொன்னா?

பொய்தான் எனக்குக் கைவந்த கலையாச்சே!

அலமாரியில் ஒரு பழைய கைமணி கிடைத்தது. சட்டம் போட்டேன். தினமும் பாடத்துக்கு நடுவே ஒரு பொய் சொல்வேன். பிடிப்பவர் மணி அடிக்கணும். ஏன் பொய் என்றும் சொல்லணும். தப்பா அடிச்சா எலும்புக்கூட்டோட கைகுலுக்கி, "மன்னிச்சிடுங்க சார்" சொல்லணும்.

முதல் பொய்: "எந்த எண்ணைப் பெருக்கினாலும் அது பெருசாத்தான் ஆகும்."

தலைகள் ஆடின. ஆடிக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு சின்ன 'டிங்'.

மியாவ். "பத்தைப் பாதியால பெருக்கினா... அஞ்சுதானேக்கா?"

எனக்கு ஏன் புல்லரிக்கணும்? பொய் சொன்னது நான்!

பிப்ரவரி 9, வெள்ளி

எலும்புக்கூட்டுக்கு இன்று கைகுலுக்கல் தாங்கல. ஒரு விரல் கழண்டு விழுந்துச்சு. பசை போட்டாச்சு. பூதக்கண்ணாடிக்குத் தெரியாது.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்றைய பொய்: "ஐஸ்கட்டியை ஸ்வெட்டர்ல சுத்தினா சட்டுனு உருகும். ஸ்வெட்டர் சூடு கொடுக்குமில்ல?"

கூட்டத்திலேயே தொண்டை பெரிய ஒலிபெருக்கி, "இது நிஜம்க்கா! பொய்யை எப்போ சொல்வீங்க?" என்றான். மியாவ் மணி அடித்தாள். ரெண்டு பேருக்கும் சண்டை. சண்டைக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்றேன், ஐஸே சொல்லட்டும். தட்டில் வைத்தது தண்ணீராகி ஓடியது. என் ஸ்வெட்டருக்குள் இருந்தது கல்லு மாதிரி. வெளிச்சூட்டை உள்ளே விடாததுதான் ஸ்வெட்டரின் வேலை என்று ஒலிபெருக்கியே ஊருக்கெல்லாம் அறிவித்தான்.

ஈர ஸ்வெட்டரைப் பார்த்து அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 16, வெள்ளி

ஐயோ.

நிலா ஏன் தேயுது, வளருது என்று நடத்திக்கொண்டிருந்தேன். இன்றைய பொய்யை ஏற்கெனவே பிடிச்சாச்சு. "பூமியோட நிழல் விழறதாலதான்" என்றேன். டிங்.

"மியாவ், இன்னிக்குப் பொய் முடிஞ்சுது. போ, கைகுலுக்கு."

அவள் போகவில்லை. ஜன்னலைக் காட்டினாள். சாயங்கால வெயில் ஒரு பக்கம் எங்க மேசையில். இன்னொரு பக்கத்து ஜன்னலில், வெள்ளையா அரை நிலா.

"சூரியன் அங்க மேல இருக்கு. நிலா இங்க மேல இருக்கு. பூமி நம்ம காலுக்குக் கீழ. நடுவுல எப்படிக்கா நிழல் விழும்?"

நான் சூரியனைப் பார்த்தேன். நிலாவைப் பார்த்தேன். என் செருப்பைப் பார்த்தேன்.

"ச...பாஷ்! அது போனஸ் பொய்!" என்றேன்.

போனஸாம்! நான் இத்தனை வருஷம் அதைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். முழு மார்க் வாங்கிய தேர்விலும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வேறெதையோ மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். வீட்டில் மேசை விளக்கை ஏற்றி, ஒரு பந்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். பந்தில் பாதிக்கு எப்பவும் வெளிச்சம். நான் திரும்பத் திரும்ப அந்தப் பாதி எனக்கு முழுசா, கொஞ்சமா, இல்லாமலேயே தெரியுது. அட, இவ்வளவுதானா!

"தலை சுத்துதா?" — அம்மா.

"நிலா சுத்துதும்மா."

பிப்ரவரி 19, திங்கள்

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். "அது போனஸ் இல்ல. நெஜமாவே எனக்குத் தெரியல." நானே போய் எலும்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒலிபெருக்கி சிரித்ததில் ஜன்னல் அதிர்ந்தது.

மியாவ் மட்டும் மெதுவாக: "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீங்க பொய் சொல்றப்போ இடது புருவம் மேல ஏறும். அன்னிக்கு ஏறல."

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். ஏறுது! அப்போ இத்தனை நாள் கணக்கைப் பார்த்தாளா, புருவத்தைப் பார்த்தாளா? பாதிப் பாதி என்கிறாள். பின்னம் புரிஞ்சுடுச்சு.

மார்ச் 4, திங்கள்

மறுதேர்வு. என் பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் பள்ளிக்கு வந்ததில்லை.

மார்ச் 6, புதன்

பூதக்கண்ணாடி கூப்பிட்டார். எதிரே ஐந்து கணக்கு விடைத்தாள். மேலே மியாவுடையது. கடைசிப் பாதிக் கேள்விகள் காலி. அந்தக் காலியிடத்தில் சின்ன எழுத்தில்: 'எல்லாக் கேள்வியையும் சோதித்துப் பார்த்தேன். இதில் பொய் எதுவும் இல்லை. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.'

"இது என்ன?"

கேள்வித்தாளிலும் நான் பொய்யை ஒளிச்சு வெச்சிருப்பேன்னு தேடியிருக்கா, பைத்தியம்! கேள்வித்தாள் நிஜம்தான்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அது சொல்லவேண்டிய விஷயம்னு யாருக்குத் தோணும்? இனி அந்தக் குட்டிப்பய அண்ணன். காரணம், என் விளையாட்டு.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் — மணி, பொய், பசை போட்ட விரல் உட்பட. அவர் கண்ணாடியைத் துடைத்தார். "விரல் விஷயம் எனக்குத் தெரியாது" என்றார்.

நானே மாட்டிக்கிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

பாஸ்! ஐந்து பேரும்!

மியாவ் தட்டுத் தடுமாறித்தான். ஆனால் எழுதியதில் ஒன்றுகூடத் தப்பில்லையாம். பொய்யைத் தேடித் தேடி எல்லாத்தையும் சரிபார்த்திருக்கா.

மார்ச் 18, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. தண்டனை முடிஞ்சாச்சு. சாயங்காலம் ஆய்வகத்தில் என் ஸ்கேல் கிடக்குதான்னு சும்மா பார்க்கப் போனேன். (ஸ்கேல் பையில்தான் இருந்தது.)

என் இடத்தில் மியாவ், கையில் மணி. எதிரே பெஞ்சில் தம்பி, எட்டாம் வகுப்புக் கணக்கோடு.

"அக்கா, கொஞ்சம் மெதுவாச் சொல்லேன்... அக்கா, ப்ளீஸ்."

எனக்குத்தான் சொல்கிறான் என்று திரும்பினேன். எனக்கில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொல்லி முடித்தாள். தம்பி மணி அடித்தான், தப்பு. எழுந்து எலும்புக்கூட்டிடம் போனான். மியாவ் மணியை என் பக்கம் தள்ளினாள்.

"இப்போ நீங்கக்கா."

அவள் புருவத்தையே உற்றுப் பார்த்தேன். ரெண்டும் அசையல.