இருபத்தொன்றாம் நாள் ரத்தம்

ஜூலை 2, 2006, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. நாளை ரத்தப் பரிசோதனை. குழம்பாமல் இருக்க:

1. மகள் மாலதியை நானே அழைத்துப் போவது. மாப்பிள்ளைக்குத் திருமுடிவாக்கத்தில் காலை ஷிப்ட்.
2. புரோஜெஸ்டிரோன். கருமுட்டை வெளிவந்ததா என்று காட்டும் ஹார்மோனாம். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. பதில் ஒரு குழாய் ரத்தத்தில்.
3. சீட்டில் '21ஆம் நாள்' என்றிருக்கிறது. எண்ணத் தெரிந்தால் போதும். பெண்ணிடம் வேறெதுவும் கேட்கத் தேவையில்லை.

காலண்டரில் ஜூன் 13இல் மாலதி வைத்த பென்சில் புள்ளி, மாதவிலக்கின் முதல் நாள். நான்கு முறை எண்ணினேன். நாளை 21.

மனைவி சரோஜா: "பொம்பளை விஷயத்துக்கு இவருக்கு ஒரு காலண்டர்!"

ஜூலை 3, திங்கள்

புழுக்கம். மாடம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ. ரத்தம் எடுக்கும் பெண் என்னைப் பார்த்து, "இன்னா சார், ஊசி அக்காவுக்கு. நீங்க எதுக்குக் கண்ண மூடிக்கினு கீறீங்க?" மாலதி வாய்விட்டுச் சிரித்தாள். இதற்காகவே இன்னொரு முறை மூடலாம்.

மாலை ரிப்போர்ட். 0.8. மூன்றைத் தாண்டினால்தான் முட்டை வந்ததாக அர்த்தம்; கீழேயே அச்சடித்திருக்கிறது.

"விடுங்கப்பா, தெரிஞ்சதுதானே" என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஜூலை 7, வெள்ளி

வெயில். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"நாள் யார் எண்ணினது?"

"நான்தான். நான்கு முறை."

"எண்ணினது கரெக்ட் சார். பீரியட்ஸ் எத்தனை நாளுக்கு ஒரு தரம் வரும்?"

மாலதியைப் பார்த்தேன். அவள் மெதுவாக, "முப்பத்தஞ்சு, டாக்டர்."

"அட! இருபத்தொண்ணுங்கிறது இருபத்தெட்டு நாள்காரங்களுக்கு. உனக்கு முட்டை வர்ற நேரமே அதுதான். ஒரு வாரம் தள்ளி எடுத்திருக்கணும். திங்கட்கிழமை மறுபடி கொடு."

வீட்டில் சரோஜா: "வயசுக்கு வந்ததுலேர்ந்தே அவளுக்கு அஞ்சு வாரம். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்கவில்லை. வெட்கம். அதனால் நான்கு நாள் மாலதி முகம் வாடிக் கிடந்தது.

ஜூலை 10, திங்கள்

28ஆம் நாள். காலை தூறல். ரத்தம் கொடுத்தாயிற்று, கண் திறந்தே இருந்தேன். மாலை இருவருமாய்ப் போய் ரிப்போர்ட் வாங்கினோம்.

14.2.

இரண்டு தரம் படித்தேன். மூன்றாவது தரம் மாலதி பிடுங்கிக்கொண்டாள். வாசலிலேயே மாப்பிள்ளைக்குப் போன்: "ஏங்க, பதினாலு! பதினாலு புள்ளி ரெண்டு! ஐயோ, வெயிட் இல்லைங்க, ஹார்மோன்!"

ஜிலேபி கால் கிலோ. மல்லி இரண்டு முழம். குடையை எங்கோ வைத்துவிட்டேன், போகட்டும்.

ஷேர் ஆட்டோவில், "அடுத்த மாசமும் நீங்கதான்ப்பா எண்ணணும்" என்றாள்.

"சரிம்மா. தேதி தள்ளிப்போறதுண்டா? வலி இருக்குமா? எத்தனை நாள்?" கேட்டே விட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், எதிர் சீட்டுக்காரர்களுக்கும் கேட்கும்படி. காது சுட்டது. ஒன்று விடாமல் உள்ளங்கையிலேயே குறித்துக்கொண்டேன்.

ஜூலை 2இல் எழுதிய மூன்றாவது குறிப்பு, 'கேட்கத் தேவையில்லை' என்றது, தவறு.