முப்பத்தொன்றாம் தேதி இல்லாத மாதம்

என்னங்க,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவின் இருமல் நின்றதா? நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

திங்களன்று, நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இந்த ஊர் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு நோயாளி மறுபடி வரவேண்டிய நாளை, முப்பதே நாளுள்ள மாதத்தில் 31 என்று யாரோ அடித்துவிட்டார்கள். அந்த ஒரு தேதியில் தடுக்கி, வரிசையில் நின்ற எல்லோருடைய விவரமும் வராமல் போய்விட்டது.

“ஏதாவது ஒரு தேதியப் போட்டு ஓட்டிடும்மா” என்றார் மேலாளர்.

“பொய்த் தேதி குடுத்தா, அன்னைக்கு வந்து ஏமாந்து நிப்பாங்க சார்” என்றேன்.

தப்பான தேதி வந்தால் விழவும் கூடாது, புளுகவும் கூடாது. ‘தேதி தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனி என்று புரோகிராமை மாற்றி எழுதினேன். இப்போது ஜம்மென்று ஓடுகிறது. இனி அந்தப் புரோகிராமின் பொறுப்பு முழுக்க எனக்குத்தான்.

நேற்று போனில் பாப்பா, “நீ முப்பத்தொண்ணாம் தேதி வர்றியாமே, அப்பா சொன்னாரு” என்றாள். அவள் அழுகையை நிறுத்துவதற்காக அப்படிச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் இந்த மாதத்துக்கும் முப்பதே நாள்தாங்க. அம்மாவுக்கே இன்னும் தேதி தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். தாங்கிக்கொள்வாள்.

அப்புறம், அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். செருப்பு வாங்கவேண்டும். எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று குத்துமதிப்பாக வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மேலாளர் கூப்பிடுகிறார். இரண்டு காலையும் வரையுங்கள்.

உங்களவள்