துக்கப் பதிவின் கீழே ஒரு மளிகைக் கடை

அன்புத் தோழி பூங்கொடிக்கு,

நீ இல்லாத நம் வலைப்பூவிலிருந்து எழுதுகிறேன். புதிதாக எழுத வரும் பெண்களுக்காக நாம் இருவரும் தொடங்கிய பக்கம் நின்றுவிடவில்லை. பதிவு இடுவது எப்படி, பின்னூட்டத்துக்கு மறுமொழி சொல்வது எப்படி என்று இன்றும் கேட்கிறார்கள், சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இந்த வாரம் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

உன் மறைவைக் குறித்து நான் இட்ட பதிவின் கீழே பலர் ஆறுதல் எழுதியிருந்தார்கள். அதைக் கண்ட உன் கணவர், "இத்தன பேரு விசாரிச்சிருக்காங்க, ஒரு வார்த்த பேசாம இருந்தா நல்லா இருக்குமுங்களா அம்மணி?" என்றார். சூலூரில் உங்கள் மளிகைக் கடையில் கல்லாவின் அருகே அமர்ந்து, அவருடைய கைப்பேசியிலேயே வலைப்பூவில் எழுதக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். தம் பெயர் வேண்டாம், கடையின் பெயரே போதும் என்றார். அவ்வாறே செய்தேன்.

எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் மறுமொழி இட்டார். ஒவ்வொன்றின் முடிவிலும், வாடிக்கையாளரிடம் சொல்லிச் சொல்லிக் கைவந்த அதே சொற்கள்: "வந்ததுக்கு நன்றிங்க, மறுபடியும் வாங்க."

துக்க வீட்டில் 'வாங்க' என்று அழைப்பதும் இல்லை, 'போய்ட்டு வாரேன்' என்று விடைபெறுவதும் இல்லை. அவருக்கா அது தெரியாது? உன்னை எடுத்துச் சென்ற அன்று, வந்தவர்களிடம் வாய் திறவாமல் கைகூப்பி நின்றவர் அல்லவா? கைப்பேசித் திரை அவருக்குத் துக்க வீடாகத் தோன்றவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நமக்கு வழக்கமாக எழுதும் பெண் கேட்டாள்: "எழவு ஊட்டுலயும் யாவாரமுங்களா? மறுபடியும் எதுக்குங்க வரோணும், அடுத்த எழவுக்கா?" அதன் கீழே மற்றவர்களின் சிரிப்புப் படங்கள். எல்லாவற்றையும் அவர் படித்துவிட்டார்.

"நமக்கு இது ஒத்து வராதுங்க அம்மணி. என்ற எழுத்தப் பூராவும் அழிச்சுப்போடுங்க" என்றார். நான் இன்னும் எதையும் அழிக்கவில்லை.

உன்னைப் பற்றி அவர் ஒரு பதிவு எழுதத் தொடங்கியிருந்தார், பூங்கொடி. வெள்ளகோவிலிலிருந்து மணமாகி வந்த புதிதில், மொபெட் பழகுகிறேன் என்று கடைக்குள்ளேயே ஓட்டிவந்துவிட்டாயாமே! பருப்பு மூட்டையில் மோதிய இடத்தில் வாக்கியம் அறுந்து கிடக்கிறது. அதை முடிக்காமலே விட்டுவிடுவாரோ என்பதுதான் என் அச்சம் முழுவதும்.

அந்தப் பெண்ணுக்குச் சுடச்சுட ஒரு மறுமொழி எழுதினேன். உரக்கப் படித்துப் பார்த்தேன். உன் துக்கப் பதிவின் கீழே அதுவும் ஒரு சண்டையாகத்தான் கிடந்திருக்கும். அதை அழித்துவிட்டு, அவர் உன் கணவர் என்று அவளுக்குத் தனியே எழுதினேன். உடனே பதில் வந்தது: "ஐயோ அக்கா, அவங்க ஊட்டுக்காரருன்னு தெரியாதுங்க. யாரோ கடைக்காரரு விளம்பரம் பண்றாருன்னு நெனச்சுப்போட்டேன்."

யாரோ ஒரு கடைக்காரராக இருந்தால் மட்டும் அப்படிக் கேட்கலாமா? இதையே அவளிடம் கேட்டேன். பிறகு தன் கேலியைத் தானே நீக்கினாள். நேற்று பேருந்தேறிக் கடைக்கே வந்துவிட்டாள். "தப்பாப் பேசிப்போட்டேனுங்கண்ணா" என்று நின்றவளுக்கு அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "தெரியாம கேட்டீங்க, உடுங்க கண்ணு. வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க."

அவள் போன பின், பாதியில் நிற்கும் பதிவைப் பற்றி மெல்லக் கேட்டேன். "பார்க்கலாமுங்க" என்றார். அது இசைவா, மறுப்பா? அவருடைய 'பார்க்கலாமுங்க'வுக்குப் பொருள் அறிந்தவள் நீ ஒருத்திதானே? நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இந்த மடலை இங்கே இட அவரிடம் ஒப்புதல் கேட்டேன். "எழுதுங்க, என்ற பேரு மட்டும் வேண்டாமுங்க" என்றார். ஆகவே இதில் அவர் பெயர் இல்லை.

உனக்கு ஓர் உறுதி தருகிறேன். அவர் அந்தப் பதிவை முடிக்கும் நாளில், அதன் கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் முதலில் என் கண்ணில் பட்ட பிறகே அவர் கண்ணுக்குப் போகும். அவர் முடிக்காமலே போனாலும், அந்த அரை வாக்கியத்தை என் கை தொட்டு நிறைவு செய்யாது. அது அவருடையது.

உன் வீட்டாரைத் தன் வீட்டாராகவே காத்து நிற்கும்,
உடன் பிறவாத் தங்கை
மரகதம்