சம்பந்தியம்மாவுடன் டென்னிஸ்

அஸ்தம்பட்டி, சேலம்
சனிக்கிழமை

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் மெல்போர்னில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அவர் அம்மாவைப் பற்றி மாப்பிள்ளை காதுபட எப்படிப் பேசுவது. அதனால்தான் உன் சிநேகிதி அனிதா அங்கே வருகிறாள் என்றதும் மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன், அப்பா தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எல்லாம் உன் மாமியாரும் நானும் ஆடும் டென்னிஸால் வந்தது. உன் மாமியாரைச் சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர், நடந்து நடந்து அலுத்துப்போய் உன் மாமியார் என்னையும் இழுத்துக்கொண்டு போய் கோர்ட்டில் சேர்ந்தது உனக்குத் தெரியும், அது எங்களுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று தெரியாது. மட்டையின் நடுவில் பந்து சரியாகப் பட்டால் டொக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்காகவே இந்த வயதில் விடிவதற்கு முன் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடுவேன். திங்கட்கிழமை, இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் செட் என்னுடையது. இதுவரை நான் அவரை ஜெயித்ததே இல்லை. அவர் அடித்த பந்து என் பின்கோட்டருகே விழுந்தது. எங்களுக்கு நடுவர் கிடையாது, அவரவர் பக்கம் விழுவதை அவரவர்தான் சொல்ல வேண்டும், நான் அவுட் என்றேன். அவர் வலையருகே வந்து, “கோட்டுல பட்டுதுங்களே” என்றார். “இல்லீங்க, வெளியதான் உழுந்துது” என்றேன். “இருக்கட்டும்ங்க சம்பந்தி, செயிக்கோணும்னு நெனச்சா அப்படித்தான் தெரியும்” என்று சொல்லி, மட்டையை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெளியில்தான் விழுந்தது சாமி, நான் பார்த்தேன். ஆனாலும் அந்த வார்த்தை குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் உன் பிரசவத்துக்கு இருவரும் ஒரே விமானத்தில் வர டிக்கெட் போட்டிருக்கிறோம், பேச்சில்லாமல் பக்கத்துப் பக்கத்து சீட்டில் அத்தனை தூரம் எப்படி வருவது, உன் வீட்டில் ஒரே அடுப்பில் எப்படிச் சமைப்பது, நடுவில் நீ என்ன பாடுபடுவாய் என்று அவரைக் கூப்பிடப் போனை எடுப்பேன், வைப்பேன். “நீயே போய்ப் பேசு புள்ள, கொறஞ்சா போயிருவ” என்றார் அப்பா. பொய் சொன்னேன் என்றது அவர்தானே, நான் ஏன் போக வேண்டும் என்று அப்பாமேல் எரிந்து விழுந்தேன்.

காலையில் போனால் அவரைப் பார்க்க நேரும் என்று நேற்று சாயங்காலம் கிளம்பிப் போனேன். போனால், உன் மாமியார் தனியாகச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்க்கக்கூடாதென்று அவரும் சாயங்காலத்துக்கு மாறியிருக்கிறார். காலியாக இருந்தது ஒரே கோர்ட். அதைப் பார்த்துக்கொள்ளும் சென்னிமலை, விஷயம் தெரியாமல், “ரெண்டு பேரும் சேந்தே ஆடிக்குங்கம்மா” என்று விளக்கைப் போட்டுவிட்டார். வாய் திறக்காமல் ஆடினோம். அவர் பக்கம் ஒரு பந்து கோட்டை ஒட்டி விழுந்தது, இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். “எனக்குச் செரியாத் தெரியலீங்க, இன்னொருக்கா போடுங்க” என்றார். போட்டேன். அப்புறம் பந்தை எங்கே பார்த்தேன், தோற்றுத்தான் போனேன்.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, “இலக்கியாகிட்டச் சொல்லீட்டீங்களா” என்றார். இல்லை என்றேன். “நானும் பையன்கிட்டச் சொல்லலீங்க. அவுங்களுக்கு எதுக்குங்க, இது நம்ம ஆட்டம்” என்றார். திங்கட்கிழமைப் பந்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மனசு இன்னும் முழுசாக அடங்கவில்லை, யாரிடமாவது சொன்னால்தான் தூக்கம் வரும் போல இருந்தது, உன்னை விட்டால் எனக்கு யார். நீ அத்தையிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே.

மாத்திரையைத் தவறவிடாதே, படியில் மெதுவாக ஏறு. நல்லபடியாகப் பிள்ளை பெற்று நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். உன் வீட்டுப் பக்கத்தில் டென்னிஸ் கோர்ட் எங்கே இருக்கிறதென்று விசாரித்து வை, குழந்தை தூங்கும் நேரத்தில் போய்வருவோம். வரும்போது அவர் மட்டை, என் மட்டை இரண்டையும் என் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஜோதி